மலையில பாதி வழியில திரும்பி வந்தவரைக் கேலி பண்ணாதீங்க

 

ஜுரு, புக்கிட் தெங்கா, பிறை வட்டாரத்துல இருக்கிற நம்ம கோயில் பக்தர்களுக்கு, முக்கியமா வெள்ளியங்கிரி யாத்திரைக்குப் பேர் கொடுத்திருக்கிறவங்களுக்கு இதை எழுதுறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். ராத்திரி ஷிப்ட் ரெஸ்ட் டைம்ல பாதி, காலையில பாதின்னு படிச்சாலும் சரி, முழுசாப் படிங்க.

யார் எழுதுறாங்கன்னு கேட்பீங்க. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குப் பானை தூக்குற அதே தொண்டர் குழுதான். நாங்க பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல, எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்த்து ஆள்களை மேய்ச்சே வயசு ஐம்பதைத் தாண்டிருச்சு. பாதுகாப்பு விஷயத்துல கொஞ்சம் கறாராப் பேசுறோம்னு நினைச்சா அதுக்கு அந்த வேலைதான் காரணம்.

நேரா விஷயத்துக்கு வர்றோம். நம்ம ஆளுங்க மலை ஏறுறப்ப ஆபத்து மழையில பாதி, வெட்கத்துல பாதி. "விரதம் இருந்து, லீவு போட்டு, இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு பாதியில இறங்கினா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" இந்த ஒரு நினைப்புதான் நெஞ்சு வலிக்கிறவரையும் மேல ஏற வைக்குது. கறுத்து வர்ற மேகத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடக்க வைக்குது. அதனால இந்த வருஷ யாத்திரையில திரும்பி இறங்குறவங்களுக்கு மரியாதை கொடுக்கிற வழக்கத்தை நாமதான் ஆரம்பிக்கணும்னு சொல்றோம்.

இதை எழுதக் காரணம் இருக்கு. போன தடவை நம்மகூட வந்த ஒரு அண்ணன், பேர் வேணாம், லோரி ஓட்டுறவர், சுகர் இருக்கு. மூணாவது மலையில கை நடுங்கி வேர்த்துக் கொட்டிருச்சு. நல்ல மனுஷன், யாரையும் தொந்தரவு பண்ணாம ஒரு தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு இறங்கிட்டார். பூண்டி அடிவாரத்துலயே சாமி கும்பிட்டுட்டு, மத்தவங்க வர்ற வரைக்கும் பையெல்லாம் காவல் காத்தார். நாடு திரும்பினதும் வாட்சப் குழுவுல என்ன நடந்துச்சு? "அரை மலை அண்ணாமலை"ன்னு பேர் வெச்சாங்க. சிரிச்சவங்க பாதிப் பேர் இதைப் படிச்சிக்கிட்டிருப்பீங்க. அவர் சிரிச்ச மாதிரிதான் இருந்தார். ஆனா இந்த வருஷம் முதல் ஆளா பேர் கொடுத்துட்டு, "செத்தாலும் ஏழாவது மலையிலதான் சாவேன்"னு சொல்லிட்டுப் போறார். இதைக் கேட்டதுல இருந்து எங்களுக்குத் தூக்கம் சரியில்ல.

வெள்ளியங்கிரின்னா என்னன்னு புதுசா வர்றவங்களுக்காகச் சொல்றோம். கோயம்புத்தூர் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை. ஏழு மலை தாண்டணும், உச்சி சுமார் 6,000 அடி. நம்ம கொடிமலை 833 மீட்டர்தான், அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும்தான் வனத்துறை ஏற விடுது. வெயிலுக்குப் பயந்து நிறைய பேர் ராத்திரியில மூங்கில் தடியை ஊனிக்கிட்டு ஏறுவாங்க. கீழே புழுக்கம், மேல குளிர்காத்து. 2024-ல அந்த நாலு மாசத்துக்குள்ளயே பல பக்தர்கள் அந்த மலையில உயிர் விட்டாங்க. பெரும்பாலும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. வயசானவங்க மட்டும்தான்னு நினைக்காதீங்க, நடுத்தர வயசுக்காரங்களும் உண்டு.

நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்கு இன்னொரு சங்கடம். பினாங்குல இருந்து விமானம், அப்புறம் ரயிலோ பஸ்ஸோ, ரெண்டரை மணி நேரம் வித்தியாசம், தூக்கம் கிடையாது. லீவு கம்மிங்கிறதால போய் இறங்குன அன்னிக்கு ராத்திரியே ஏறணும்னு திட்டம் போடுறாங்க. எங்க ஃபேக்டரியில 16 மணி நேரம் முழிச்சிருந்தவனை ஃபோர்க்லிஃப்ட் மேல உட்கார விடமாட்டோம். இங்க 24 மணி நேரம் தூங்காதவரைக் கும்மிருட்டுல மலை ஏத்துறோம். ஒரு நாள் கூடச் செலவானாலும் பரவாயில்ல, ஒரு ராத்திரி அடிவாரத்துல தூங்கிட்டுத்தான் ஏறணும். ரூம் வாடகையை நினைச்சா கோயிலுக்கு எதிர்ல கோப்பிக் கடையில செலவழிக்கிறதைக் குறைச்சுக்கலாம்.

சரி, இந்தியாவை விடுங்க. நம்ம ஊர் மலைக்கு வருவோம்.

ஞாயித்துக்கிழமை பயிற்சிக்குன்னு நம்ம பிள்ளைங்க செரோக் தோக்குன் வழியா புக்கிட் மெர்தாஜாம் மலை ஏறுறாங்க. 545 மீட்டர்தான், தார் ரோடும் இருக்கு. அதனால அலட்சியம். தார் ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையில திரும்பினா கதை வேற. செம்மண், அது மேல காஞ்ச இலை, அதுக்குக் கீழ கருங்கல். மழை பெஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் வெயில் அடிச்சாலும் மரத்தடியில பாசி காயாது. கொடிமலையில பூங்கா பக்கத்துல இருந்து போற ஜீப் ரோடும் அப்படித்தான். ஏறுறப்ப யாரும் விழ மாட்டாங்க. இறங்குறப்பதான் முழங்கால் நடுங்கும், பேச்சு அதிகமாகும், கண்ணு போனுக்குப் போகும், சறுக்கும். இறங்குற வேலைக்குன்னு பாதி பலத்தை மிச்சம் வெச்சிக்கணும். உச்சியைத் தொட்டா வேலை முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறவங்கதான் காலை உடைச்சிக்கிறாங்க.

2017 நவம்பர் 4, 5 தேதியில பினாங்குல கொட்டுன மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்ததுதான் நமக்கு ஞாபகம். அதே ராத்திரிதான் கொடிமலையில பல இடத்துல மண்ணு சரிஞ்சு மலையையே மூட வேண்டியதாச்சு. 2021 ஆகஸ்ட் 18 அன்னிக்கு கெடா ஜெராய் மலையில பெஞ்ச மழை, மரமும் பாறையுமா யான் பக்கம் இறங்கி உயிரையும் எடுத்துச்சு. அடுத்த வருஷம் டிசம்பர் 16, பத்தாங் காலியில நடுராத்திரி மண்சரிவு. கூடாரத்துல தூங்கிக்கிட்டிருந்த குடும்பங்கள், சின்னப் பிள்ளைங்க உட்பட 31 பேர் போயிட்டாங்க. அவங்க மலை ஏறக்கூட இல்ல.

மலாய்க்காரங்க 'கெபாலா ஆயர்'னு சொல்ற காட்டாத்து வெள்ளத்தைப் பத்தி நம்ம பிள்ளைங்களுக்குச் சரியாத் தெரியல. நீங்க குளிக்கிற இடத்துல வெயில் அடிக்கும். மேல, கண்ணுக்குத் தெரியாத இடத்துல மழை கொட்டியிருக்கும். திடீர்னு தண்ணி கலங்கும், இலையும் குச்சியும் மிதந்து வரும், தூரத்துல லோரி வர்ற மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். அந்த நேரத்துல செருப்பையும் போனையும் தேடக்கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கரை ஏறணும், ஆத்தோரமாவே ஓடாம மேட்டுப் பக்கம் ஏறணும். தமிழ்நாட்டுல சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிடப் போன பக்தர்கள் 2015 மே மாசம் ஓடையில வந்த இந்த மாதிரி வெள்ளத்துலதான் அடிச்சிட்டுப் போனாங்க. மழை பெஞ்சா அங்க வனத்துறை இப்ப பாதையை அடைச்சிடுது. அடைச்சா கேட்டுல நின்னு சண்டை போடுறவங்களும் நம்ம பக்தர்கள்தான், என்ன சொல்றது.

போன தீபாவளிக்குக் கனடாவுல வேலை செய்யுற நம்ம தாமான் பையன் ஒருத்தர் வந்திருந்தார். கோயில் பின்னால வடைக்கு உளுந்து கழுவிக்கிட்டே பேசினதுதான், ஆனா இன்னும் மனசுல இருக்கு. அங்க பனிமலையில ஸ்னோமொபைல்னு ஒரு வண்டி. மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, முன்னால சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு சறுக்குக் கட்டை, பின்னால ரப்பர் பட்டை ஓடும். ரோடே இல்லாத மலைக்குள்ள நண்பர்கள் கூட்டமாப் போவாங்களாம். அங்க எமன் பனிச்சரிவு. புதுப் பனி கொட்டின மறுநாள், பலமாக் காத்தடிச்ச பிறகு, திடீர்னு வெயில் ஏறினப்ப, மலைச்சரிவுல இருக்கிற பனி மொத்தமா கழண்டு வரும். வண்டியில போறவனோட பாரமே அதைக் கழட்டி விடப் போதும்.

அந்தப் பையன் சொன்ன நடைமுறைதான் முக்கியம். புறப்படுறதுக்கு முன்னால அவலாஞ்ச் கனடாங்கிற அமைப்பு போடுற அன்னன்னிக்கு ஆபத்து அறிக்கையைப் பார்க்கணும். அதுல ஆபத்தை அஞ்சு படியாப் பிரிச்சிருப்பாங்க. ஒவ்வொருத்தர் உடம்புலயும் சிக்னல் கொடுக்கிற கருவி, பனிக்குள்ள குத்தித் தேட நீளக் கம்பி, தோண்ட மண்வாரி இருக்கணும். ஆபத்தான சரிவை ஒருத்தர் ஒருத்தராத்தான் கடக்கணும், மத்தவங்க பாதுகாப்பான இடத்துல நின்னு கண்ணெடுக்காமப் பார்க்கணும். ஏன்னா பனிக்குள்ள புதைஞ்சவர் பத்து, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்குறது கஷ்டம். ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். காப்பாத்தணும்னா கூட வந்தவன்தான் காப்பாத்தணும். அதை விடப் பெரிசா எங்களுக்குப் பட்டது ஒண்ணு: கூட்டத்துல யாராவது ஒருத்தர், நேத்துப் பழகின புதுசா இருந்தாலும், "இது வேணாம்"னு சொன்னா மொத்தக் கூட்டமும் வண்டியைத் திருப்பணும்னு அங்க வகுப்புலயே சொல்லித் தர்றாங்களாம்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு ஃபேக்டரி லைன்தான் ஞாபகம் வந்துச்சு. லைன்ல ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். போன வாரம் சேர்ந்த பங்களாதேஷ் பையன்கூட அதை அழுத்தலாம். லைன் நின்னா நஷ்டம்தான். ஏன் அழுத்தினேன்னு கேட்போம், திட்ட மாட்டோம். ஒரு தடவை திட்டினா அப்புறம் ஒருத்தனும் அழுத்த மாட்டான், அடுத்த தடவை எவனோ ஒருத்தன் விரல் மெஷின்ல போகும். அந்த அண்ணனுக்கு "அரை மலை"ன்னு பேர் வெச்சது அந்தப் பட்டனைப் பிடுங்கி எறிஞ்ச மாதிரி.

இங்க ஸ்க்ரம்ப்ளர் ஓட்டுற தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பனைத் தோட்டம் வழியா மலைக்குள்ள மோட்டார்ல போறீங்க, வீடியோ எல்லாம் பார்க்கிறோம், நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா வண்டி ஒரு மணி நேரத்துல கொண்டுபோய் விடுற இடத்துல இருந்து, செயின் அறுந்துட்டா நடந்து வர எத்தனை மணி நேரம் ஆகும்னு கணக்குப் போட்டீங்களா? கனடாக்காரனுக்கும் இதே கணக்குதான். வண்டி எவ்வளவு தூரம் போகுங்கிறதைப் பார்க்காம, கால் எவ்வளவு தூரம் திரும்பி வரும்னு பார்த்துப் போங்க. தனியாப் போகாதீங்க. காப்புக்காடா இருந்தா பெர்மிட் எடுங்க. உள்ள போறீங்கன்னு அதிகாரிங்களுக்குத் தெரிஞ்சாதான் காணாமப் போனா எங்க தேடுறதுன்னும் தெரியும்.

இப்ப பெரியவங்க சொல்ற மறுப்புக்கு வர்றோம். கமிட்டியில ஒரு ஐயா, எங்க எல்லாருக்கும் மூத்தவர், "மலை ஏறுறதே தவம்பா. எல்லாத்துக்கும் பயந்தா பக்தி எங்க இருக்கு? அவன் பார்த்துக்குவான்"னு சொன்னார். அவர் சொல்றதுல பொய் இல்ல. கஷ்டமே இல்லாம கேபிள் கார்ல போய் இறங்குறதுல அந்த நிறைவு கிடைக்காதுதான். ஆனா ஐயா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில காவடி எடுக்கிறவர்கிட்ட நீங்க என்ன கேட்கிறீங்க? விரதம் ஒழுங்கா இருந்தியா, குடிச்சியா, உடம்பு சரியா இருக்கான்னு கேட்டுட்டுத்தானே அலகு குத்த விடுறீங்க? தயாராகாத உடம்பைச் சாமி முன்னால கொண்டுபோய் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.

அமர்நாத்தைப் பாருங்க. பனியிலயே லிங்கமா ஈசன் இருக்கிற இடம், 3,888 மீட்டர் உயரம். 1996 ஆகஸ்ட்ல எதிர்பாராத பனிப்புயல்ல மாட்டி 200-க்கும் மேற்பட்ட பக்தர்கள் அங்க இறந்தாங்க. மெல்லிசு உடுப்போட, சரியான ஏற்பாடு இல்லாம, அளவுக்கு மீறின கூட்டம். அதுக்குப் பிறகு நிதிஷ் சென்குப்தா தலைமையில ஒரு குழு போட்டு, எத்தனை பேர் போகலாம், உடம்பு எப்படி இருக்கணும்னு பரிந்துரை கொடுத்தாங்க. இன்னிக்கு டாக்டர் சர்டிபிகேட் இல்லாம அமர்நாத் யாத்திரைக்குப் பதிவே கிடையாது. 13 வயசுக்குக் கீழ, 70 வயசுக்கு மேல அனுமதி இல்ல. அந்த ஈசன் வாசல்லயே கேட்கிறப்ப, ஜுருவுல நாங்க டாக்டர் சீட்டு கேட்டா மட்டும் பக்திக் குறைச்சலா?

உச்சியைத் தொட்டாதான் தரிசனம்னு யார் சொன்னது? திருவண்ணாமலையில மலையே சிவம். அதனாலதான் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் சுத்தி வர்றாங்க. 2024 டிசம்பர் 1-ல புயல் மழையில அந்த மலை அடிவாரத்துல மண் சரிஞ்சு வீட்டுக்குள்ள இருந்த 7 பேர் இறந்தாங்க, பிள்ளைங்கதான் அதிகம். ரெண்டு வாரத்துல கார்த்திகை தீபம். மண் இளகிக் கிடக்குன்னு நிபுணர்கள் பார்த்துச் சொன்னதால அந்த வருஷம் பக்தர்களை மேல ஏற விடல. தீபம் ஏத்துற வேலைக்கு வேண்டியவங்க மட்டும் போனாங்க. டிசம்பர் 13 சாயங்காலம் தீபம் வழக்கம் போல எரிஞ்சது. கீழே நின்னு பார்த்தவங்க யாரும் அரை தரிசனம்னு சொல்லல.

முருக பக்தர்களுக்கு இதை விடப் பக்கத்துல ஒரு உதாரணம் இருக்கு. பழனி மூணாம் படைவீடுன்னு சொல்றோம். திருமுருகாற்றுப்படை சொல்ற படைவீடு ஆவினன்குடி. அது மலை மேல இல்ல, அடிவாரத்துல இருக்கு. பழனிக்குப் போற நம்ம ஆளுங்க பல பேர் அந்தக் கோயிலைத் தாண்டி வின்ச்சுக்கு ஓடுறாங்க, அது வேற வருத்தம்.

அதனால இந்த வருஷ யாத்திரைக்கு நாங்க கமிட்டியில கேட்கப் போறது இதுதான். பேர் கொடுத்த எல்லாரும் டாக்டரைப் பார்த்துச் சீட்டு கொண்டு வரணும். 45 வயசுக்கு மேல, சுகர், பிரஷர், இருதயம் இருக்கிறவங்க கட்டாயம். விரதம்னு மாத்திரையை நிறுத்துறவங்க இருக்கீங்க, எங்களுக்குத் தெரியும். சுகர் மாத்திரையோ ஊசியோ போட்டுட்டுச் சாப்பிடாம மலை ஏறினா சுகர் தலைகுப்புற விழும், அந்த அண்ணனுக்கு நடந்ததும் அதுதான்னு டாக்டர் சொல்லியிருக்கார். எந்த வேளைக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட விரதத்தைச் சொல்லியே கேளுங்க, வெட்கப்படாதீங்க. பையில வெல்லமோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

கூட்டத்துல முன்னால ஒருத்தர், கடைசியில ஒருத்தர். எல்லாரும் முன்னால போறவரைத் தலைவர்னு நினைக்கிறாங்க. எங்க கணக்குல கடைசியில வர்றவர்தான் தலைவர், திரும்பலாம்னு சொல்ற அதிகாரம் அவர்கிட்ட. ஒவ்வொரு மலை முடிவிலயும் தலையை எண்ணணும். நெஞ்சு இறுக்கம், தாடையோ இடது கையோ வலி, குளிர்ந்த வேர்வை, உட்கார்ந்தும் மூச்சு அடங்காம இருக்கிறது, பேச்சு குளறுறது, இதுல ஒண்ணு வந்தாலும் அந்த நபருக்கு மலை அதோட முடிஞ்சது. கெஞ்சினாலும் முடிஞ்சது. ரெண்டு பேர் துணையா இறங்கணும், அந்த ரெண்டு பேர் யாருன்னு ஜுருவுலயே பேர் எழுதி வெச்சிட்டுப் போகணும். அங்க ஆம்புலன்ஸுக்கு 108, இங்க 999. ஆனா மலை மேல போன் எடுக்கும்னு நம்பி இருக்காதீங்க.

கற்பூரத்தைப் பத்தியும் சொல்லணும். பிப்ரவரி முதல் மே வரைக்கும் காஞ்ச புல். 2018 மார்ச் 11-ல தேனி குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போன 20-க்கும் மேற்பட்ட பிள்ளைங்க போனது அதே மாதிரிக் காஞ்ச நாள்லதான். வழியில கண்ட இடத்துல சூடம் ஏத்தாதீங்க. சிகரெட் வேணவே வேணாம், மாலை போட்டவனுக்கு அது எதுக்கு?

அந்த அண்ணனையும் இந்த வருஷம் கூட்டிக்கிட்டுப் போறோம். டாக்டர் சரின்னா ஏறட்டும். எங்க வரைக்கும் முடியுதோ அங்க வரைக்கும். கடைசியில வர்ற தலைவர் பொறுப்பை அவருக்கே கொடுக்கணும்னு நாங்க கமிட்டியில சொல்லப் போறோம். அந்த மலையில "போதும், இறங்கலாம்"னு சொல்லி இறங்கிக் காட்டின ஒரே ஆள் நம்மகிட்ட அவர்தான்.

வாட்சப்ல அந்தப் பேரை வெச்சவங்க அதை எடுத்துடுங்க. யாருன்னு நாங்க கேட்க மாட்டோம்.

பயிற்சி நடை வர்ற ஞாயித்துக்கிழமை காலை 6:30, செரோக் தோக்குன் கார் பார்க்கில. தார் ரோடு வழிதான், காட்டுப் பாதை கிடையாது. சப்பாத்து போட்டு வாங்க, சிலிப்பர் வேணாம். ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி. ஒன்பதரைக்கு எங்க இருந்தாலும் எல்லாரும் திரும்புறோம், உச்சிக்கு நூறு அடி இருந்தாலும். முந்தின ராத்திரி பலமா மழை பெஞ்சா நடை ரத்து, காலை 5:30-க்குக் குழுவுல போடுவோம். ரத்தானா வீட்டுல படுத்துத் தூங்காதீங்க, கோயிலுக்கு வாங்க. சனிக்கிழமை பூஜை பாத்திரம் கழுவ ஆள் பத்தல.